சலித்தெடுத்த சாம்பல்

கீரையைச் சரியாக அலசாவிட்டால் பல்லுக்கடியில் ஒரு சத்தம் வரும். நற. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக் கேட்காது. காது வழியாக வராமல் தாடை வழியாக ஏறி, தின்கிறவரின் மண்டைக்குள் மட்டும் ஒலிக்கும். போன வாரம் ராயபுரத்தில், என் வீட்டில், மத்தியானச் சோற்றில் அந்தச் சத்தம் வந்தது. அரைக்கீரைக் கடையலில் ஒரு மணல் துணுக்கு, அவ்வளவுதான். துப்பிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்திருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன், ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து மறுபடி ஜன்னலுக்கு. வாய் கொப்பளித்தேன். இன்னொரு முறை கொப்பளித்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அந்த ஊதலுக்குக் கீழேயும் அந்த நற இருந்தது.

அந்தச் சத்தத்தை ஒரே ஒரு முறை நான் வெளியே கேட்டிருக்கிறேன். இன்னொருவர் வாய்க்குள்ளிருந்து, ஒரு அறை முழுவதும் கேட்கும்படி. என் தங்கச்சியின் வாய்.

அவளை எண்ணூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கழிமுகம், அதற்கப்பால் கடல். இந்தப் பக்கம் திரும்பினால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காயப்போட்ட துணியை உதறித்தான் எடுப்பார்கள். அவள் மாமியார் அந்தக் கழிமுகத்து இறாலையும் மடவை மீனையும் கூடையில் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் வரை நடந்து விற்றவர். மகன் தண்ணீரில் இறங்கவில்லை. சாம்பல் லாரி ஓட்டுகிறான். நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பலை, உருளைத் தொட்டி வைத்த லாரியில் நிரப்பி, செங்கல் அறுக்கிற இடங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் கொண்டுபோகிற வேலை. நல்ல பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வேலை முடிந்து வரும்போது புருவம் நரைத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் இளைஞன்.

கல்யாணமாகிப் பல வருஷம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாத்திரைகள், ஸ்கேன்கள், தன் வயிற்றில் தானே குத்திக்கொள்கிற ஊசிகள். இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. முதல் முறை பிள்ளை பிள்ளை என்று வாய் ஓயாமல் பேசினாள்; பிள்ளைக்குத் தொட்டில், பிள்ளைக்குப் பேர், பிள்ளை அப்பன் ஜாடையா ஆத்தா ஜாடையா. இரண்டாம் முறை குரலைத் தணித்துக்கொண்டாள். மூன்றாம் முறை தங்கியபோது அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள். "அது" என்றாள். அதுக்கு இன்னிக்கு ரசம்தான் புடிச்சிச்சிக்கா. அது தூங்குதுன்னு நெனைக்கறேன். நாங்களும் அது என்றே பேசப் பழகினோம். ஒரு குடும்பமே மூச்சை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு, விடாமல், மாதங்களைக் கடந்தது. பப்பாளி கிடையாது, எள்ளுருண்டை கிடையாது, மேடுபள்ளத்தில் வண்டி கிடையாது.

பல் டாக்டரும் கிடையாது.

சிகிச்சை தொடங்கும் முன்பே கருத்தரிப்பு டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார்: முதலில் பல்லைக் காட்டிவிட்டு வா, சொத்தை இருந்தால் அடைத்துவிடு, ஈறைச் சுத்தம் செய்துகொள், பிள்ளை தங்கிய பிறகு அவதிப்படாதே. இதை அவள் போனில் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"பல்லுக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? மேல்வூட்ல ஒட்டட அடிச்சாதான் கீழ்வூட்டுக்கு ஆளு குடி வருவாங்களாமா?"

நானும் சிரித்தேன். அவள் போகவில்லை.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே கிராம்பும் கற்பூரமும் கலந்த வாசம். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பி, கண் பாதி மூடிப்போயிருந்தது. தொட்டேன். கன்னம் கொதித்தது.

"இன்னா அத்த இது? மூஞ்சி இப்பிடி கீது, டாக்டராண்ட கூட்டினு போவ வேணாமா?"

மாமியார் கிராம்பு இடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"புள்ளத்தாச்சி பல்லு புடுங்குனா வவுத்துல கீறது நிக்காதும்மா. ஊசி போடுவாங்க. அந்த மருந்து எங்க போவும், சொல்லு. ரெண்டு தபா போச்சி. மூணாவது தபாவும் ஒரு பல்லுக்கோசரம் உட்ற சொல்றியா?"

மாப்பிள்ளை அடுக்களை வாசலில் நின்றிருந்தான். குளித்திருந்தான். தரையைப் பார்த்துச் சொன்னான்:

"வாயில முப்பத்திரண்டு கீதுக்கா. வவுத்துல இது ஒண்ணுதான கீது."

தங்கச்சி தனக்கு நோவவில்லை என்று கையை ஆட்டினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல். காய்ச்சல் என்ற சொல்லை நான் சத்தமாகச் சொன்னதும் மாமியாரின் உலக்கை நின்றது. பல் வலி வேறு, காய்ச்சல் வேறு. காய்ச்சலில்தான் முதல் கரு போனது.

ஆட்டோவில் மூன்று பெண்களும் ஏறினோம். மாப்பிள்ளை ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே தெருமுனை வரை பின்னாலேயே ஓடிவந்தான். அவனுக்கு லோடு நேரம். மாமியார் முன்பக்கம் குனிந்து ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"யப்பா, கொடத்துல தண்ணி எட்துனு போறா மாரி ஓட்டு. தளும்பக் கூடாது."

"ஆயா, நீ சொல்ற ஸ்பீடுல போனா வளைகாப்பு வண்டியிலயே பண்ண வேண்டியதுதான்."

"பண்ணு. நீதான் தாய்மாமன், வளையல் வாங்கினு வா."

தங்கச்சி சிரிக்கப் பார்த்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது பல் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு பெண். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சிலேயே தெரிந்தது. மாமியார் படியேறிய மூச்சிலேயே தன் வழக்கைத் தொடங்கினார். டாக்டர் முழுவதும் கேட்டார்.

"ஆயா, இந்த ஊசி மரத்துப் போறதுக்குத்தான். இந்த மாசத்துல தாராளமா போடலாம், புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. உங்க மருமக கன்னத்துல கீதே சீழு, அத்த வெச்சினு இருக்கறதுதான் டேஞ்சரு. காய்ச்சல் வேற வந்துடுச்சி. இன்னும் ரெண்டு நாள் கிராம்பு வெச்சினு இருந்தீங்கன்னா, நானே உங்கள திட்டியிருப்பேன்."

"இப்ப மட்டும் இன்னா பண்றியாம்," என்றார் மாமியார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு மஞ்சள் பை.

தங்கச்சியைச் சாய்த்தார்கள். விளக்கு இறங்கியது. டாக்டர் சின்னக் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கி, முனை வளைந்த கம்பியை ஒரு பல்லின் மேல் இழுத்தார்.

நற.

மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. எனக்கு முதுகுத்தண்டு கூசியது. டாக்டர் இன்னொரு பல்லுக்குப் போனார். நற. இடது பக்கம் போனார். அங்கும். கம்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனையில் சாம்பல் நிறத்தில் ஏதோ குழைந்திருந்தது. அதை வெள்ளைப் பஞ்சில் துடைத்து, கையுறை போட்ட இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தார். அதற்கும் ஒரு சின்னச் சத்தம் இருந்தது.

"இன்னாம்மா துன்ற நீ?"

தங்கச்சி வாயைத் திறந்தபடியே மேலே விளக்கைப் பார்த்தாள்.

"சொத்தை ஒண்ணுதான். ஆனா கடிக்கிற பக்கம் மொத்தமும் தேஞ்சி போயிருக்கு. வயசான ஆளுங்களுக்குத்தான் இப்பிடிப் பாத்திருக்கேன். கல்லு கில்லு கடிக்கிறியா? உண்மைய சொல்லு, நான் ஒண்ணும் அடிக்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரைத்தான் பார்த்தாள், சொல்லலாமா என்பது போல. மாமியார் அவளுக்குப் பதிலாகச் சொன்னார், அதிலே ஒளிக்க ஒன்றுமில்லை என்கிற குரலில்:

"சாம்பல் துன்றா டாக்டரம்மா. மசக்க. முயுகாம இருக்கறப்ப எல்லாரும் துன்றதுதான."

எல்லாரும் தின்பதுதான். அது எனக்கும் தெரியும். இவளை வயிற்றில் வைத்திருந்தபோது எங்கள் அம்மா பலப்பம் தின்றாள். தெருப் பிள்ளைகள் சிலேட்டோடு வந்தால் ஆளுக்கொரு துண்டு பிடுங்கிக்கொள்வாள். ஒருத்தி அரிசி மெல்வாள், ஒருத்தி விபூதியை அள்ளிப் போட்டுக்கொள்வாள், ஒருத்தி மழை பெய்தால் மண்சுவரை முகர்ந்துகொண்டு நிற்பாள். யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. கேட்பது அவள் இல்லை, உள்ளே இருப்பது கேட்கிறது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும். இப்படித்தான் எங்கள் பக்கம் சொல்வார்கள். கேலி செய்துகொண்டே கொடுப்பார்கள்.

ஆனால் தங்கச்சி வீட்டில் விறகடுப்பு இல்லை. அது என் மண்டையில் உறைப்பதற்குள் டாக்டருக்கு உறைத்துவிட்டது.

"வூட்ல கேஸ் அடுப்புதான?"

"ஆமா."

"அப்ப சாம்பல் ஏது?"

மாமியாரின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"எம்புள்ள எட்தாறான். கண்ட எடத்துல கெடக்கறதில்ல டாக்டரம்மா, கால் பட்டதில்ல. மிஷின்லேர்ந்து அப்பிடியே எறங்குறது. அத்தயும் துணி போட்டு சலிச்சிதான் இவளுக்குக் குடுப்பான்."

சொல்லிக்கொண்டே மஞ்சள் பைக்குள் கையை விட்டார். முகத்துக்குப் போடுகிற பவுடரின் டப்பா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். வழியில் ஆசை வந்தால் கொடுக்கலாம் என்று கொண்டு வந்திருக்கிறார்.

மூடியைத் திறந்தேன். நான் எதிர்பார்த்தது குப்பையை. உள்ளே இருந்தது அழகாக இருந்தது. விரலை வைத்தேன், விரல் இருக்கிற இடமே தெரியாமல் உள்ளே போனது, குளிர்ச்சியாக, பட்டு மாதிரி. ஒரு துரும்பு இல்லை, ஒரு கட்டி இல்லை. அந்த வீட்டுக்குள் வந்த பொருள்களிலேயே அவ்வளவு சுத்தமானது அதுவாகத்தான் இருக்கும். மின்சாரத்துக்காக எரித்து மிஞ்சியதை ஒருவன் தன் மனைவிக்காகச் சலித்திருக்கிறான். டப்பாவில் பாதி காலியாக இருந்தது. அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று என் கண் தானாகத் தங்கச்சியின் வயிற்றுக்குப் போயிற்று. நான் டப்பாவைக் கீழே வைக்கவும் தெரியாமல், மூடவும் தெரியாமல் நின்றேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். தன் சக்கர முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவும் துன்னுருக்காங்க ஆயா, வெறகு சாம்பல். அதுவே வேணாம்ன்னுதான் நான் சொல்வேன். இது நெலக்கரி சாம்பல். அதுல ஈயம் இருக்கும், இன்னும் பேரு தெரியாததெல்லாம் இருக்கும். ரத்தத்துல ஏறும். அங்கேர்ந்து கொடி வழியா புள்ளைக்குப் போவும்."

தங்கச்சி சாய்ந்தபடியே, இரண்டு கையையும் எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள், கதவைச் சாத்துகிற மாதிரி.

அன்றைக்குச் சீழை வடித்து மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி போட்டார்கள், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த ஊசிக்குப் பயந்து எல்லோரும் கிராம்பு இடித்தோமோ அந்த ஊசி ஒரு எறும்புக்கடியாக முடிந்தது. பிடுங்கிய பல்லை டாக்டர் தட்டில் காட்டினார். மேற்பக்கம் தட்டையாக, மழமழவென்று, வருஷக்கணக்கில் அரைத்த அம்மிக்கல் மாதிரி இருந்தது. சீழை வடித்த அன்றைக்கே, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு பிரசவ ஆஸ்பத்திரிக்கு ரத்தம் பார்க்கப் போனோம்.

அங்கே இரண்டாவது அடி விழுந்தது. அவள் உடம்பில் ரத்தமே இல்லை என்றார் அங்கிருந்த பெரிய டாக்டரம்மா. இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறது.

"இந்த ஆசைன்னு சொல்றீங்களே, அது குழந்தை கேக்கல. ரத்தத்துல இரும்புச் சத்து இல்லாதப்ப உடம்பு இப்படித்தான் மண்ணு, சாம்பல், ஐஸ்னு தேடும். இரும்பு கேக்குது. நீங்க சாம்பலக் குடுத்திருக்கீங்க. சாம்பல் உள்ள போனா, சாப்பாட்டுல இருக்கற கொஞ்ச நஞ்ச சத்தும் உடம்புல ஒட்டாது. அப்பறம் இன்னும் தேடும்."

தேடுகிறது, கொடுக்கிறோம், கொடுக்கக் கொடுக்க இன்னும் தேடுகிறது. நான் எழுந்து அந்த அறையிலேயே இரண்டு முறை நடந்தேன். உட்காருங்கம்மா என்றார்கள். எத்தனை பெண்களின் மசக்கையைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். எத்தனை வெளிறிய முகங்கள் சிலேட்டுத் துண்டோடு எங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தன. ஒரு உடம்பு கத்திக்கொண்டிருந்ததை நாங்கள் ஒரு குழந்தையின் செல்லக் குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஈயத்துக்கும் ரத்தம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று மாமியார் கெஞ்சினார். ஆனால் அவன் சாயங்காலம் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். வராந்தாவில் வைத்து நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவன் முகம் நினைவிருக்கிறது. சாம்பல் அப்பிய முகத்தில் கண் மட்டும் நகர்ந்தது, என்னிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து கதவுக்கு.

"நான் சலிச்சிதான்க்கா குட்த்தேன்," என்றான்.

"தெரியும்பா."

"கல்யாணத்து வேட்டியிலக்கா. வேற துணியில நூலு வரும்ன்னு. கல்யாணத்து வேட்டியக் கியிச்சி சலிச்சேன்."

பிறகு சுவரோரமாகப் போய், குழாயைத் திறந்து, முழங்கை வரை கழுவ ஆரம்பித்தான். சோப்பு இல்லை. கழுவிக்கொண்டே இருந்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், "இன்னாப்பா, நாங்க புடிக்க வேணாமா," என்று குடத்தை இடித்தபிறகுதான் நகர்ந்தான்.

முடிவு வந்தது. டாக்டரம்மா நீட்டி முழக்கவில்லை. "பயந்த அளவு இல்ல. ஆனா இருக்கவே கூடாதது கொஞ்சம் இருக்கு. இனிமே ஒரு துளி போகக் கூடாது. போனது குழந்தையை என்ன பண்ணிச்சுன்னு பொறந்தாத்தான் தெரியும்."

எண்ணூர் வீட்டில் காற்றே சாம்பல். அவளை ராயபுரத்துக்கு, என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாமியார் தடுக்கவில்லை. துணிப்பையைத் தன் கையாலேயே கட்டி, ஒவ்வொரு புடவையையும் வாசலில் நின்று உதறி உதறி மடித்தார்.

தீர்ந்தது என்று நினைத்தேன். வாரம் ஒன்று ஆகியிருக்கும். ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். கதவு திறந்திருந்தது. தங்கச்சி ஜன்னலருகே எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கிளப்புகிற புழுதி எங்கள் ஜன்னல் கம்பிகளில் படிந்துகொண்டே இருக்கும். காலையில் துடைத்தால் மாலையில் கறுப்பாக நிற்கும். அவள் ஆள்காட்டி விரலால் கம்பியை மேலிருந்து கீழாக, மெதுவாக வழித்தாள். விரலை வாய்க்குள் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கைப்பை விழுந்த சத்தத்தில் திரும்பினாள். உதட்டில் கறுப்புக் கோடு.



"நான் இல்லக்கா," என்றாள். "வாயிதான்க்கா. நாக்கு தானா ஊறுது. லாரி போறப்ப வாசன வருது. நான் வேணாம்ன்றேன். அது போவக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்புட்றேன், கும்புட்ற கையே போயி வயிக்கிது. இன்னாக்கா பண்ணட்டும், கைய வெட்டிக்கவா?"

துணியை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தேன். பிறகு ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்தேன். கதவு, அலமாரி மேல், மின்விசிறி இறக்கை, தண்ணீர்க் குழாயின் முதுகு. என் வீட்டில் தின்னக்கூடிய தூசு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து நான் துடைக்கிற இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டு நான் பயந்தேன். எங்கள் தெரு நாய், கறிக்கடைக்காரர் கடையைக் கழுவும்போது அப்படிப் பார்க்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒளிக்காமல் சொன்னோம். டாக்டரம்மா அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மாத்திரை போதாது என்று, இரும்பு மருந்தை நரம்பு வழியாகவே ஏற்ற ஆரம்பித்தார். பழுப்பு நிறத்தில், துருப்பிடித்த தண்ணீர் மாதிரி, சொட்டுச் சொட்டாக. நாள் விட்டு நாள் போனோம். கைப்பை முழுக்கப் பொட்டுக்கடலை வைத்திருப்பேன். வாய் ஊறும்போதெல்லாம் ஒரு பிடி கொடுப்பேன். அவள் மென்றுகொண்டே, "இது சத்தமே போட மாட்டேங்குதுக்கா," என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள், ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து திரும்பும் வழியில், ஒரு லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. புழுதி முகத்தில் அடித்தது. நான் அவளைத்தான் பார்த்தேன். அவள் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீ. இன்னாக்கா, இவ்ளோ கலீஜா நாறுது."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் குடும்பத்தையே விசாரித்தார். நான் நகரவில்லை. அவளும் நின்று, முந்தானையை விலக்கி, ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். இல்லை, நாறுகிறதுதான். அவளாலேயே நம்ப முடியவில்லை. இத்தனை மாதம் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போன ஒன்று, சொல்லாமல் கொள்ளாமல், சில பாட்டில் துருத் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது.

வலி, குறித்த நாளுக்கு முன்பே வந்தது. ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமியார் எண்ணூரிலிருந்து வந்து வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை. நான் அந்தப் பையையே பார்ப்பதைக் கவனித்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பழைய வெள்ளைத் துணி, நன்றாக வெளுத்து மடித்தது. ஒரு சீப்பு. வேறொன்றும் இல்லை.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டபோது நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. வேறு யாருடைய பிள்ளையோ என்று நினைத்தோம். செவிலி வந்து தங்கச்சியின் பெயரைச் சொல்லி, பொண்ணு, எடை கம்மி, ஆனா நல்லாத்தான் கத்துது என்றபோதும், மாமியார் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொரு வாக்கியம் மீதி இருப்பது போல. மீதி இருந்தது. குழந்தையின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடை, பேச்சு, எல்லாம். அதை டாக்டரம்மா பிறகு சொன்னார். அதற்குள் மாமியார் தரையில் நெற்றியை வைத்துவிட்டிருந்தார்.

பார்வை நேரம் முடியப் போகிற சமயத்தில் மாப்பிள்ளை ஓடிவந்தான். லோடு இறக்கின இடத்திலிருந்து நேராக. வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான், கிடைக்கவில்லை. தங்கச்சி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில், அந்த வெள்ளைத் துணியில், ஒரு முழம்கூட இல்லாத ஒன்று, மூடிய இமைகளோடு. அவன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றான். கையை நீட்டினான். நீட்டிய கையைத் தானே பார்த்தான். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அது இருந்தது. கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான்.

"மூச்சு உடுதா?" என்றான்.

"உடுது," என்றேன்.

வாசலில் ஆஸ்பத்திரி ஆயா ஒருவர் கதவைத் தட்டினார். "ஆம்பளைங்கல்லாம் கெளம்புப்பா. நாளைக்கு வந்து கொஞ்சிக்கோ."

அவன் பின்பக்கமாகவே நடந்தான், முகத்தைத் திருப்பாமல், கையை எடுக்காமல். கதவருகே போனதும் தங்கச்சி தலையைத் தூக்கினாள். பல் போன இடத்தில் சின்ன இருட்டு தெரிய, அவனைக் கூப்பிட்டாள்.

"யோவ். வூட்டுக்குப் போயி நல்லா தேச்சிக் குளி. நகத்துக்குள்ள எல்லாம் தேயி. காலைல வந்து புள்ளயத் தூக்கு."